ரைஃபிளோடு வெளிநாட்டுப் போட்டிக்கு: திரும்பி வரும் நாளிலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ஊர் திண்டுக்கல், வேலை தில்லியில், வயது இருபத்தாறு. துப்பாக்கி லைசென்ஸ் ஊரில் எடுத்தது, பயிற்சி அங்கே துக்ளகாபாத் துப்பாக்கி சுடும் தளத்தில், அதாவது ரேஞ்சில். மே மாதம் ஜெர்மனியில் ஒரு திறந்த போட்டிக்குச் சொந்தச் செலவில் போகிறீர்கள். காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிள், தோட்டா போட்டுச் சுடும் பாயிண்ட் 22 ரைஃபிள் இரண்டையும் கொண்டுபோக வேண்டும். வளைகுடா வழியாக ஒரு இரவு தங்கிப் போனால் டிக்கெட் மலிவு. போட்டி முடிந்ததும் லண்டனில் அக்கா வீட்டில் நாலு நாள். என்னென்ன பேப்பர் வேண்டும், எங்கே மாட்டிக்கொள்வேன் என்பது கேள்வி.

லண்டனை முதலில் முடித்துவிடலாம். அக்காவைப் பாருங்கள், ரைஃபிளைக் கூட்டிப் போகாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் துப்பாக்கி சுட்டது கொஞ்ச காலம்தான், அதுவும் சுமாராக. அப்புறம் இருபது வருடத்துக்கு மேலாகக் கிளப் அணிகளுக்கு மேனேஜராக அலைந்திருக்கிறேன். பிள்ளைகள் பதக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவார்கள், நான் பெட்டிகளைப் பற்றிக் கவலைப்படுவேன். அதில் கற்றுக்கொண்ட ஒரே விஷயம்: போகிற நாளை நினைத்துப் பேப்பர் சேர்க்கிறவர்கள் திரும்புகிற நாளில் மாட்டிக்கொள்கிறார்கள். போகும்போது எல்லோரும் உங்களை வழியனுப்பத்தான் பார்ப்பார்கள். துப்பாக்கி நாட்டை விட்டு வெளியே போவதில் யாருக்கும் பெரிய பயம் இல்லை. அதே துப்பாக்கி அதிகாலை மூன்று மணிக்கு உள்ளே வரும்போதுதான் கேள்வி பிறக்கிறது. இது போன பெட்டிதானா? போன துப்பாக்கிதானா? அங்கே புதிதாக வாங்கியதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் காகிதங்கள் எல்லாம் நீங்கள் கிளம்பும் முன்பே தயாராக வேண்டியவை. திரும்பி வந்து நின்றுகொண்டு அவற்றை உண்டாக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவரவோ வெளியே கொண்டுபோகவோ கூடாது என்கிறது. உடனே ஒரு விலக்கும் தருகிறது: சட்டப்படி ஆயுதம் வைத்திருக்கும் உரிமை உள்ளவர், சொந்த உபயோகத்துக்கு, நியாயமான அளவில் கொண்டுபோகலாம், கொண்டுவரலாம். அதற்கு இன்னொரு தனி லைசென்ஸ் வேண்டாம். நீங்கள் இந்த விலக்கில்தான் போய் வரப்போகிறீர்கள். ரொம்பப் பேர் இதோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள். அடுத்த உட்பிரிவுதான் முக்கியம். விலக்கு இவருக்குப் பொருந்துமா, அளவு நியாயமானதா, எதற்குப் பயன்படப் போகிறது என்பதில் சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், மத்திய அரசின் உத்தரவு வரும்வரை ஆயுதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். சந்தேகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் தப்பு செய்திருக்க வேண்டும் என்றில்லை, அவருக்குச் சந்தேகம் வந்தால் போதும். ஆகவே நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு காகிதத்தையும் இந்த ஒரே கேள்வியோடு பாருங்கள்: தூக்கக் கலக்கத்தில் இருக்கும், துப்பாக்கி விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு அதிகாரிக்கு இது சந்தேகத்தைப் போக்குமா, கூட்டுமா?

சந்தேகம் முளைக்கும் இடங்களில் முதலாவது, வரிசை எண். என் கையால் நடந்த ஒரு சொதப்பலைச் சொல்கிறேன். ஒரு பையனின் பாயிண்ட் 22 ரைஃபிள். முந்தைய வருடம் பேரல், அதாவது குழல் மாற்றியிருந்தான். புதுப் பேரலில் ஒரு எண், குழல் பொருந்தும் நடு உடலான பழைய ரிசீவரில் வேறு எண். லைசென்ஸில் இருந்தது ரிசீவர் எண். போகும் அவசரத்தில் நான் பட்டியல் தயாரித்தபோது, பெட்டியைத் திறந்ததும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த பேரல் எண்ணை எழுதிவிட்டேன். போகும்போது ஒருவரும் கவனிக்கவில்லை. திரும்பும்போது ஒரு அதிகாரி கவனித்தார். அவர் பார்வையில் விஷயம் தெளிவு: லைசென்ஸில் ஒரு துப்பாக்கி இருக்கிறது, பட்டியலில் வேறு ஒரு துப்பாக்கி இருக்கிறது, ஆக ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்கி வந்திருக்கிறான். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதை அவிழ்க்க ஒரு முழுப் பகல் போயிற்று. அன்றிலிருந்து நான் எண்ணை எந்தக் காகிதத்திலிருந்தும் பார்த்து எழுதுவதில்லை. துப்பாக்கியை எடுத்து வெளிச்சத்தில் வைத்து, இரும்பில் வெட்டியிருப்பதைப் பார்த்து எழுதுவேன். சுழியமா ஆங்கில ஓ எழுத்தா, ஒன்றா ஐ எழுத்தா என்பதைப் பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கச் சொல்வேன். இரண்டு எண் இருந்தால் இரண்டையும், எது எங்கே இருக்கிறது என்று சொல்லியே எழுதுவேன். கிட்டத்தில் எடுத்த புகைப்படமும் சேர்ப்பேன்.

இரண்டாவது, பெயர். இது நம்மவர்களுக்கே உரிய தலைவலி. லைசென்ஸில் ‘மு. கவிதா’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் ‘கவிதா முருகேசன்’. ஃபெடரேஷன் அடையாள அட்டையில் ‘கவிதா எம்’. டிக்கெட்டில் ‘முருகேசன் கவிதா’. நமக்கு நாலும் ஒரே ஆள். ஜெர்மன் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது இரண்டு மூன்று ஆள். அப்பா பெயர் எப்படிக் குடும்பப் பெயர் ஆனது என்று கவுண்ட்டரில் நின்று விளக்கிய அனுபவம் எனக்கு நிறைய. லைசென்ஸைப் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகும்படி திருத்த நேரம் இருந்தால் திருத்திவிடுங்கள். இல்லையென்றால் இரண்டும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்றை ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைச் சமீபத்தில் புதுப்பித்திருந்தால் எண் மாறியிருக்கும். பழைய எண்ணைப் போட்டு எந்தப் படிவமும் போய்விடக் கூடாது.

மூன்றாவது, உங்கள் லைசென்ஸ் புத்தகம். அது திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸில் கொடுத்தது என்பதால் புதுப்பித்த முத்திரையும் கையெழுத்துக் குறிப்பும் தமிழில் இருக்கலாம். தில்லி விமான நிலையத்தில் அதைப் படிக்க ஆள் தேடுவார்கள். அப்படி ஒருமுறை நானே என் பிள்ளைகளின் லைசென்ஸுக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றிருக்கிறேன். “நீங்களே படித்து நீங்களே சொல்கிறீர்களே” என்று அவர் சிரித்தார், அதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பக்கங்களுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு கையில் இருக்கட்டும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. லைசென்ஸ் செல்லுபடியாகும் பகுதி என்ற கட்டத்தில் என்ன இருக்கிறது? தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால் நீங்கள் இப்போது அந்த ரைஃபிளைத் தில்லியில் வைத்திருப்பதே சிக்கல். இந்தியா முழுமைக்கும் என்று இருக்க வேண்டும். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளம் தரும் தனி அடையாள எண் (யூஐஎன்) ஏறியிருக்கிறதா, செல்லுபடிக் காலம் நீங்கள் திரும்பும் தேதியைத் தாண்டுகிறதா என்பதையும் பாருங்கள். பயணத்தின் நடுவில் காலாவதியாகும் லைசென்ஸோடு கிளம்பினால், திரும்பி இறங்கும்போது 10ஆம் பிரிவின் விலக்கு உங்களுக்குக் கிடையாது. போனது லைசென்ஸ் உள்ளவர், வந்தது லைசென்ஸ் இல்லாதவர்.

சரி, இனி இரண்டு ரைஃபிளையும் பிரித்துப் பார்ப்போம். ‘ஏர் ரைஃபிள்தானே, காற்றுதானே’ என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்தியாவில் அந்த நினைப்புக்கு அடிப்படை உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மில்லிமீட்டருக்கும் சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டி ஏர் ரைஃபிளின் ஆற்றல் ஏழரை ஜூல் பக்கம்தான், பெல்லட் எனும் அரை கிராம் குண்டு வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகிறது, அவ்வளவே. ஆனால் இந்த நிம்மதி எல்லை தாண்டியதும் செல்லாது. ஜெர்மனியில் ஏழரை ஜூலுக்கு உட்பட்டு, ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற குறி பொறித்த ஏர் ரைஃபிளைப் பதினெட்டு வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம். உங்களுடையது ஜெர்மன் தயாரிப்பு என்றால் அந்தக் குறி இருக்க வேண்டும், தேடிப் பாருங்கள். இங்கிலாந்தில் எல்லை சுமார் 16 ஜூல், அங்கும் நீங்கள் தப்பித்தீர்கள். அதே தீவில் வடக்கே ஸ்காட்லாந்துக்குப் போனால், 2016ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து ஏர் ரைஃபிளுக்கும் சான்றிதழ் வேண்டும். வடக்கு அயர்லாந்தில் ஒரு ஜூலைத் தாண்டினாலே வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் ஏர் ரைஃபிள் முழு ஆயுதம். அமெரிக்காவில் மத்தியச் சட்டப்படி அது துப்பாக்கியே இல்லை, ஆனால் நியூ ஜெர்சி மாநிலச் சட்டப்படி துப்பாக்கி. தில்லியிலிருந்து நியூவார்க் போய் எடிசனில் பெரியப்பா வீட்டில் இறங்கலாம் என்று நினைக்கிற எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தெரியும்? நியூவார்க் இருப்பது நியூ ஜெர்சியில்.

இன்னொன்று. இந்தியாவில் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதாலேயே, திரும்பும்போது அது உங்களுடையது என்று காட்ட லைசென்ஸ் புத்தகம் உதவாது. இறக்குமதி செய்து வாங்கியது என்றால் பில் ஆஃப் என்ட்ரி எனும் சுங்க இறக்குமதிப் பத்திரத்தின் நகல், கடை ரசீது இரண்டையும் எடுத்துப் போங்கள். லட்சங்களில் விலை உள்ள பொருள் இது, சுங்கத்துக்கு முதல் கேள்வியே வரி கட்டியதா என்பதுதான். துப்பாக்கி எதுவும் பயணிகளுக்கான வரி விலக்கு அளவுக்குள் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாயிண்ட் 22க்கு ஜெர்மனியில் முறையான முன் அனுமதி வேண்டும். ஐரோப்பியத் துப்பாக்கிப் பாஸ் என்று ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டும். நமக்கு ஜெர்மன் ஆயுதச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்கீழ், ஆயுதத்தை உடன் எடுத்து வர அனுமதி. அதைக் கொடுப்பது தூதரகம் இல்லை, அங்குள்ள உள்ளூர் ஆயுத அலுவலகம். நாம் நேரடியாக எழுதினாலும் வேலை நடக்கும், ஆனால் போட்டி நடத்துகிறவர்கள் மூலம் போனால் பாதி நேரத்தில் முடியும். அவர்களுக்கு அந்த அலுவலகத்தில் ஆள் தெரியும், படிவம் தெரியும். அழைப்புக் கடிதத்தில் உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், துப்பாக்கியின் தயாரிப்பு, வகை, குழல் அளவு, வரிசை எண், தோட்டா எண்ணிக்கை, போட்டி தேதி எல்லாம் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். ‘தங்களை அன்புடன் அழைக்கிறோம்’ என்ற இரண்டு வரிக் கடிதம் விசாவுக்கு ஆகும், துப்பாக்கிக்கு ஆகாது. நான் இதற்கு மூன்று மாதம் வைத்துக்கொள்வேன். விசா வந்தபின் துப்பாக்கி அனுமதிக்கு எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள்.

உலகக் கோப்பை மாதிரியான போட்டிகளுக்கு அணியோடு போகிறவர்களுக்கு இந்த அலைச்சல் குறைவு, தேசிய ரைஃபிள் சங்கமே படிவங்களைத் திரட்டி அனுப்பிவிடும். சொந்தச் செலவில் போகிற உங்களுக்கு அந்தக் குடை இல்லை. ஆனாலும் சங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்காமல் போகாதீர்கள்: இவர் எங்கள் பதிவு பெற்ற வீராங்கனை, இந்த எண்ணுள்ள ரைஃபிள்களோடு இந்தப் போட்டிக்குப் போய் இந்தத் தேதியில் திரும்புகிறார் என்று. நான் முன்னே சொன்ன அந்தச் சந்தேகத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

இப்போது டிக்கெட். வளைகுடா வழி மலிவுதான், ஆனால் ஒரு இரவு தங்கல் என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இடையில் ஒரு விமான நிலையம் வந்தால் அங்கே இன்னொரு நாட்டின் சட்டம் வந்துவிடுகிறது. பெட்டி உங்கள் கைக்கு வராமல் விமானம் மாறினாலும் சில நாடுகளில் அனுமதி வேண்டும். ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போகிற துப்பாக்கிக்கு நெதர்லாந்து சுங்கத்தின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும், நீங்கள் அந்த ஊர் மண்ணை மிதிக்காவிட்டாலும். வளைகுடா விமான நிறுவனங்களும் முன் ஒப்புதல் கேட்கும். ஒரு இரவு தங்கி, பெட்டியைக் கையில் வாங்கி, மறுநாள் திரும்பப் போட வேண்டியிருந்தால் அது அந்த நாட்டுக்குள் ஆயுதத்தைக் கொண்டுபோனதாகவே ஆகும். மிச்சம் பிடிக்கும் பணம் ஒரு வக்கீலின் முதல் ஃபீஸுக்குக்கூட வராது. தில்லியிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் மியூனிக்குக்கும் நேரடி விமானம் இருக்கிறது. அதைப் பிடியுங்கள், அங்கிருந்து ரயிலில் போங்கள். எடுத்த டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டியிருந்தாலும் செய்துவிடுங்கள்.

டிக்கெட் போட்ட அன்றே விமான நிறுவனத்துக்கு எழுதித் துப்பாக்கிக்கு ஒப்புதல் வாங்குங்கள். போனில் ‘ஒன்றும் பிரச்சினை இல்லை மேடம்’ என்றால் அதற்கு மதிப்பு இல்லை. மின்னஞ்சலில் வர வேண்டும், அதை அச்செடுத்து வைக்க வேண்டும்.

தோட்டா விஷயத்தில் உலகெங்கும் விமானங்களில் ஒரே விதி: ஒரு பயணிக்கு மொத்தம் 5 கிலோ, பெட்டி எடையும் சேர்த்து, செக்-இன் பையில் மட்டும். இரண்டு பேர் பங்கை ஒரே பொதியில் போட முடியாது. பாயிண்ட் 22 தோட்டா ஒன்று மூன்றரை கிராம் பக்கம் வரும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1,300 தோட்டா. மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும் மூன்று நிலைப் போட்டியில் தகுதிச் சுற்றுக்கு 60 தோட்டா, குறி பார்க்கும் சுற்றுகள் அதற்கு மேல். பயிற்சியையும் சேர்த்தால் 400 எடுத்துப் போனால் தாராளம். நிறையப் பேர் குறைவாக எடுத்துப் போய், ஜெர்மனியில் லாப்புவா தோட்டா நிறுவனத்தின் ஷூனபெக் மையம் மாதிரியான இடத்தில் தங்கள் பேரலுக்கு எந்த லாட் (ஒரே தடவையில் தயாரித்த தோட்டாத் தொகுதி) ஒத்துப்போகிறது என்று சோதித்து வாங்குவார்கள். ஆசைதான், அந்த ஆசையை நானும் தூண்டியிருக்கிறேன். ஆனால் வாங்கியதை இந்தியாவுக்குக் கொண்டுவர உங்கள் லைசென்ஸில் தோட்டா ஒதுக்கீடும், இறக்குமதிக்கான அனுமதியும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நல்ல லாட் கிடைத்துவிட்டதே என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். போனது 400, வந்தது 900 என்றால் அதிகாரிக்கு அது சந்தேகம்கூட இல்லை, நேரே வழக்கு. லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள், முறைப்படி வரவழைத்துக்கொள்ளலாம்.

ஏர் ரைஃபிள் சிலிண்டரை மறக்கிறவர்கள் நிறைய. 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த உலோக உருளையை எந்த விமானமும் நிரப்பிய நிலையில் ஏற்றாது. காலி செய்து, ரைஃபிளிலிருந்து கழற்றி, அழுத்தமானி சுழியத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். போகிற ரேஞ்சில் நிரப்பிக்கொள்ளலாம். சிலிண்டரில் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். சர்வதேசப் போட்டி விதிப்படி அதற்கு ஆயுள் 10 வருடம். செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால் இப்போதே பாருங்கள், அங்கே உபகரணச் சோதனையில் நின்று தெரிந்துகொள்ள வேண்டாம்.

பெட்டி கடினமான உறை, நல்ல பூட்டு இரண்டு. பாயிண்ட் 22இல் தோட்டாவை அடைத்துப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி வைத்து, குழலில் தோட்டா உட்காரும் இடத்தில், உள்ளே தோட்டா இல்லை என்று காட்டும் அந்தப் பளபள நிறப் பாதுகாப்புக் கொடியைச் செருகிவிடுங்கள். ரேஞ்சில் கட்டாயம் என்பதால் போடுவோம், விமான நிலையத்தில் யாரும் கேட்பதில்லை. ஆனால் பெட்டியைத் திறந்ததும் அந்தக் கொடியைப் பார்க்கிற காவலர் முகம் தளர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது என்ன என்று கேட்பார், நீங்கள் விளக்குவீர்கள், பேச்சு நல்லபடியாகத் தொடங்கிவிடும். ஆலன் கீ, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் கைப்பையில் வேண்டாம். பேப்பர்கள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், துப்பாக்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு முழித்தவர்களும் உண்டு.

கிளம்பும் நாளில் டெர்மினல் 3க்கு ஐந்து மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மயூர் விஹாரிலிருந்தோ துக்ளகாபாத்திலிருந்தோ கிளம்பினால் தில்லி டிராஃபிக்குக்கு இன்னொரு மணி நேரம். விமான நிறுவனக் கவுண்ட்டரில் அறிவிப்புப் படிவம், பாதுகாப்பு ஆட்கள் வந்து பெட்டியைத் திறந்து எண்ணைச் சரிபார்ப்பது எல்லாம் வரிசையாக நடக்கும். அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று இங்கேதான் இருக்கிறது. சுங்கத்திடம் போய் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்தப் பொருளை, இந்த எண்ணோடு, நான் இங்கிருந்து எடுத்துப் போகிறேன், திரும்பக் கொண்டுவருவேன் என்பதற்கு அவர்களே பார்த்துத் தரும் முத்திரை அது. பெட்டியை விமான நிறுவனத்திடம் கொடுத்தபின் போனால் பொருளைக் காட்ட முடியாது, ஆகவே முதலில் சுங்கம். கவுண்ட்டரில் இருப்பவர் ‘போகும்போது இதெல்லாம் வேண்டாம், போங்க’ என்று சொல்லக்கூடும். நல்ல மனதோடுதான் சொல்வார். நீங்கள் பணிவாக, வேண்டும் என்று சொல்லி நில்லுங்கள். திரும்பும்போது பணியில் இருக்கப்போவது அவர் இல்லை.

ஜெர்மனியில் இறங்கியதும், சுங்கத்திடம் அறிவிக்கப் பொருள் உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில் போய் நீங்களே அறிவியுங்கள். ஏர் ரைஃபிளையும் சேர்த்து. அங்கே பெரும்பாலும் பத்து நிமிட வேலை, துப்பாக்கி சுடுதல் அவர்களுக்குக் கிராமத்துக் கோயில் திருவிழா மாதிரிப் பழக்கமான விஷயம். அவர்கள் கொடுக்கும் முத்திரை பெற்ற காகிதத்தைத் தொலைக்காதீர்கள், வெளியேறும்போது காட்ட வேண்டும். ஊர் சுற்ற ஆசைப்பட்டு ரைஃபிளை ஹோட்டல் அறையில் விட்டுப் போக வேண்டாம். போட்டி ரேஞ்சின் ஆயுத அறையில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

திரும்பும்போது தில்லியிலும் சிவப்பு வழிதான். யார் என்ன சொன்னாலும் பச்சை வழியில் போகாதீர்கள். 2017 மே மாதம் செக் குடியரசில் போட்டி முடித்துத் திரும்பிய நம் நாட்டு வீரர்களே, இந்திய அணியாகவே போனவர்கள், தில்லி விமான நிலையத்தில் துப்பாக்கிகளுக்காகப் பல மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. பீஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா வெளிப்படையாகக் கோபப்பட்டார், செய்தித்தாள்களிலும் வந்தது. தேசிய அணிக்கே அந்த நிலை என்றால் தனியாக வருகிற உங்களுக்கு ஒரு கோப்பாவது ஒழுங்காக இருக்க வேண்டாமா? என் கோப்பின் வரிசை இதுதான்: மேலே ஒரே ஒரு பக்கம், அதில் பெயர், பாஸ்போர்ட் எண், இரண்டு ரைஃபிள்களின் எண்கள், போன தோட்டா, சுட்டது, மிச்சம். அடியில் லைசென்ஸ், சங்கக் கடிதம், ஏற்றுமதிச் சான்றிதழ், ஜெர்மன் அனுமதி, பில் ஆஃப் என்ட்ரி, போட்டி முடிவுப் பட்டியல். முடிவுப் பட்டியலை எதற்கு என்று கேட்பார்கள். போட்டிக்குத்தான் போனீர்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி என்ன? அறுபதாவது இடம் வந்திருந்தாலும் கூச்சப்படாமல் வையுங்கள். தோட்டா சுட்ட கணக்கை ரேஞ்ச் அதிகாரியிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

இனி லண்டன். உங்கள் ஜெர்மன் அனுமதி அந்தப் போட்டிக்கும் அந்தத் தேதிகளுக்கும் ஆனது. பிரிட்டனுக்குள் பாயிண்ட் 22 கொண்டுபோக வேண்டுமென்றால் பார்வையாளர் அனுமதி என்று ஒன்று, அந்நாட்டின் 1988ஆம் ஆண்டுத் துப்பாக்கித் திருத்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அங்கே வசிக்கும் ஒருவர் ஸ்பான்சராக, தன் பகுதிப் போலீசில் உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் அக்காவே ஸ்பான்சர் ஆகலாம்தான். ஆனால் துப்பாக்கி எதற்கு என்பதற்கு ஒரு நல்ல காரணம் கேட்பார்கள். தங்கை என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள் என்பது அந்தப் போலீஸ்காரருக்குக் காரணமாகப் படாது. 1996இல் டன்பிளேன் பள்ளியில் நடந்த கொலைகளுக்குப் பிறகு கைத்துப்பாக்கிகளையே பெரும்பாலும் தடை செய்த நாடு அது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிஸ்டல் போட்டிகளை நடத்தவே தனி விலக்கு தேவைப்பட்டது.

சரி, ரைஃபிளை ஜெர்மனியில் யாரிடமாவது விட்டுவிட்டுப் போகலாமா? கூட வந்த இன்னொரு வீராங்கனையிடம் கொடுத்து அனுப்பலாமா? இரண்டாவது கேள்விக்குக் கண்டிப்பாகக் கூடாது. லைசென்ஸ் உங்கள் பெயரில், அவர் உங்கள் ரைஃபிளோடு தில்லியில் இறங்கினால் விலக்கு அவருக்குப் பொருந்தாது. முதலாவதற்கு, போட்டி நடத்தும் கிளப் தன் ஆயுத அறையில் வைத்துக்கொள்ளச் சம்மதித்து, அங்குள்ள அலுவலகமும் எழுத்தில் ஒத்துக்கொண்டால், லண்டன் போய்விட்டு ஜெர்மனிக்கே திரும்பி வந்து எடுத்துக்கொண்டு தில்லி ஏறலாம். அனுமதித் தேதியும் அதற்கேற்ப நீள வேண்டும், ஷெங்கன் விசாவும் இருமுறை நுழைவுக்கு ஆக வேண்டும். இவ்வளவு முடிச்சு போடுவதைவிட, லண்டனை முன்னால் வைத்துவிட்டு அப்புறம் ஜெர்மனி போகலாமே என்று தோன்றும். ரைஃபிள் அப்போதும் கூடவேதான் வரும், பிரச்சினை அதேதான். என்னைக் கேட்டால் அக்காவை மியூனிக்குக்கு வரச் சொல்லுங்கள். 1972 ஒலிம்பிக்குக்குக் கட்டிய ஹோக்ப்ரூக் ரேஞ்சு அந்த ஊர் ஓரத்தில்தான் இருக்கிறது, சுற்றிக் காட்டலாம்.

டொராண்டோ சித்தப்பா மகன் தன் ரைஃபிளோடு தில்லி வந்து உங்களோடு பயிற்சி எடுக்கலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். 10ஆம் பிரிவில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு ஒரு விலக்கு உண்டு, ஆனால் அரசு அறிவித்த நாடுகளைச் சேர்ந்தவருக்கு, விளையாட்டுக்கு மட்டும். அதை நம்பி யாரையும் விமானம் ஏறச் சொல்ல மாட்டேன். இங்கே நடக்கும் சர்வதேசப் போட்டிக்கு அவர் அணி மூலம் வந்தால் சங்கம் அனுமதி வாங்கித் தரும். அதுவும் சில நேரம் நம் கையில் இல்லை. 2019இல் துக்ளகாபாத் உலகக் கோப்பைக்குப் பாகிஸ்தான் வீரர்களுக்கு விசா கிடைக்காமல், அவர்கள் சுட வேண்டிய 25 மீட்டர் பிரிவின் ஒலிம்பிக் தகுதி இடங்களையே ஒலிம்பிக் கமிட்டி எடுத்துவிட்டது. தம்பியை வெறுங்கையோடு வரச் சொல்லுங்கள், கிளப் ரைஃபிளில் சுடட்டும்.

இப்போது பிப்ரவரி தொடங்குகிறது, மே மாதத்துக்கு மூன்று மாதம் சரியாக இருக்கிறது. இன்று இரவே ரைஃபிளை எடுத்து, டார்ச் அடித்து, இரும்பில் உள்ள எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு லைசென்ஸைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் நாளைக் காலையில் திண்டுக்கல்லுக்குப் போன் செய்ய வேண்டியிருக்கும், ஜெர்மனிக்கு அப்புறம்.